முப்பத்துமூணு பைசா வட்டி

விழுப்புரத்திலிருந்து செஞ்சி போகிற சாலையில் இருபது கிலோமீட்டர் வாக்கில் போய் உள்ளே திரும்பினால் மண்டகப்பட்டு. ஊரில் ஒரு பாறை, பாறைக்குள் ஒரு கோயில். ஏழாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் முதலாம் மகேந்திரவர்மன் குடைந்தது. குடைந்துவிட்டுச் சும்மா போனானா என்றால் இல்லை. செங்கல், மரம், உலோகம், சுண்ணாம்பு எதுவும் இல்லாமல் பிரம்மா, சிவன், விஷ்ணு மூவருக்கும் விசித்திரசித்தனாகிய நான் கோயில் எடுத்தேன் என்று சமஸ்கிருதத்தில் வெட்டி வைத்துவிட்டுப் போனான். சிமென்ட் மூட்டை விலை கேட்டு நெஞ்சைப் பிடித்துக்கொண்ட எவனும் இந்த மனிதனை மன்னிக்க மாட்டான்.

விசித்திரசித்தன் என்பது அவன் தனக்கே வைத்துக்கொண்ட பட்டம். குணபரன், மத்தவிலாசன், லளிதாங்குரன், சத்ருமல்லன் என்று இன்னும் வண்டி நிறைய உண்டு. வாசித்தால் டெபாசிட் திட்டங்களின் பட்டியல் மாதிரியே இருக்கும். 'லளிதாங்குரன், 400 நாள், மூத்த குடிமக்களுக்கு அரை சதவீதம் கூடுதல்.' சாமியார்களையும் குடிகாரர்களையும் ஒரு மண்டையோட்டைத் தேட விட்டு 'மத்தவிலாசப் பிரகசனம்' என்று சிரிப்பு நாடகம் எழுதிய ராஜாவும் இவன்தான். ஆகையால் கிண்டலுக்குக் கோபித்துக்கொள்ள மாட்டான் என்ற தைரியத்தில் இந்தக் கதையை அவன் வாசலிலிருந்தே தொடங்குகிறேன். கதை வட்டியைப் பற்றியது.

என் அத்தைக்கு அந்தப் பக்கத்து கிராமம். பள்ளிக்கூடத்தில் பாதியில் நின்றவள். அவளிடம் போய் வருஷத்துக்கு எட்டு சதவீதம் என்று சொன்னால் முகத்தில் ஒரு சலனமும் இருக்காது. எங்கள் பக்கத்தில் வட்டி மாதக் கணக்கு. நூறு ரூபாய்க்கு மாதம் ஒரு ரூபாய் என்றால் ஒரு ரூபா வட்டி. வங்கி மொழியில் அது 12 சதவீதம். ரெண்டு ரூபா வட்டி கைமாற்றுக்கு. மூணு ரூபா வட்டி அவசரத்துக்கு. அதற்கு மேலே போனால் கந்து, மீட்டர், ரன் என்று வட்டிக்கு வாகனமும் வேகமும் வந்துவிடும். "பேங்கில இன்னா தரான்?" என்று அத்தை கேட்பாள். எஸ்.பி. (சேமிப்பு) கணக்கில் 4 சதவீதம் என்பேன், அன்றைக்கு அதுதான் வட்டி. மனசுக்குள்ளேயே பன்னிரண்டால் வகுத்து, "முப்பத்துமூணு பைசாவா? அதுக்கு அவன் ஏசி வேற போட்டுகிறானா?" என்பாள். அந்த அளவுகோலைத்தான் நானும் இங்கே கையில் வைத்துக்கொள்ளப் போகிறேன். பொருளாதாரப் பத்திரிகைகளின் வரைபடங்களைவிட அது நேர் கோடு போடும்.

டெபாசிட் என்பது வெள்ளைக்காரன் கொண்டுவந்தது என்று நினைக்கிறவர்கள் தஞ்சாவூர் கல்வெட்டுகளைக் கொஞ்சம் பார்க்க வேண்டும். ராஜராஜன் கோயிலில் ஒரு நந்தாவிளக்குக்கு 96 ஆடு. ஆட்டை வாங்கிக்கொண்ட இடையர் தினமும் ஓர் உழக்கு நெய் கொண்டுவந்து அளக்க வேண்டும். அந்த ஆடுகளுக்குச் சாசனத்தில் பெயர் 'சாவா மூவாப் பேராடு'. சாகவும் சாகாது, மூப்பும் அடையாது. நிஜ ஆடு சாகும், கிழடாகும், ஓநாய்க்கும் போகும். அதெல்லாம் இடையர் பாடு. எண்ணிக்கை மட்டும் சூரிய சந்திரர் உள்ளவரை 96. அசலுக்கு உத்தரவாதம், வட்டி நெய்யாக, முதிர்வுத் தேதி கிடையாது. இதைவிடக் கெட்டிக்கார எப்.டி.யை இன்றுவரை ஒரு வங்கியும் போடவில்லை. கோயில் பணத்தை ஊர்ச் சபைகள் கடனாக வாங்கியபோது காசு ஒன்றுக்கு ஆண்டுக்கு அரைக்கால் காசு பொலிசை (வட்டி) கட்டின. அரைக்கால் என்றால் எட்டில் ஒன்று, அதாவது பன்னிரண்டரை சதவீதம். அத்தைக் கணக்கில் ஒரு ரூபாய் நாலு பைசா. இந்த எண்ணை முடிச்சுப் போட்டு வையுங்கள். ஆயிரம் வருஷம் கழித்து ரிசர்வ் வங்கி ஏறக்குறைய இதே இடத்தில் வந்து நிற்கும்.

நடுவில் இருக்கிற நூற்றாண்டுகளைத் தாண்டி 1969 ஜூலைக்கு வந்துவிடலாம். இந்திரா காந்தி 14 வங்கிகளை அரசுடைமை ஆக்கினார். 1980-ல் இன்னும் ஆறு. வட்டி என்ன என்பதை ரிசர்வ் வங்கி அதற்கும் முன்னாலிருந்தே சொல்லிக்கொண்டிருந்தது. இத்தனை நாளுக்கு இத்தனை, இத்தனை வருஷத்துக்கு இத்தனை என்று பம்பாயிலிருந்து பட்டியல் வரும். காஷ்மீரிலும் அதே வட்டி, கண்டாச்சிபுரத்திலும் அதே வட்டி. எல்லா ஓட்டலிலும் அதே இட்லி, அதே விலை என்றால் எந்த ஓட்டலுக்குப் போவீர்கள்? சட்னிக்காகப் போவீர்கள். வங்கியின் சட்னி, காலண்டர்.

இது விளையாட்டுப் பேச்சு இல்லை. அன்றைக்கு ஒரு கிளைக்கும் இன்னொரு கிளைக்கும் நடந்த யுத்தத்தில் காலண்டர்தான் பீரங்கி. டிசம்பர் கடைசியில் கவுண்டருக்குக் கீழே சுருட்டிச் சுருட்டி அடுக்கியிருப்பார்கள். நல்ல டெபாசிட்தாரருக்கு முருகன். சுமாரானவருக்கு அணைக்கட்டுப் படம். கடன்காரருக்கு, "தீந்துபோச்சு சார்." மற்றபடி எந்தக் கிளையாக இருந்தாலும் கயிற்றில் கட்டிய பேனா இருக்கும். அதில் கயிறு மட்டும் நன்றாக இருக்கும்.

அமெரிக்காவிலும் இதே கூத்துதான் என்று பிற்பாடு படித்துத் தெரிந்துகொண்டேன். 1933-ல் அங்கே வங்கிகள் தரும் வட்டிக்குக் கடிவாளம் போட்டார்கள். 'ரெகுலேஷன் கியூ' என்று அதற்குப் பெயர். கூடுதல் வட்டி தர முடியாத வங்கிகள், கணக்குத் திறந்தால் டோஸ்டர் தருகிறோம் என்று ஆரம்பித்தன. அங்கே ரொட்டி சுடும் இயந்திரம், இங்கே வள்ளி தெய்வானை சமேதராக முருகன். அவரவர் ஊர்ச் சட்னி. 1980-ல் சட்டம் போட்டுக் கடிவாளத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்தி 1986-ல் ஏறக்குறைய முழுக்க அவிழ்த்துவிட்டார்கள். டோஸ்டரின் மவுசும் போயிற்று.

காலண்டர் காலத்தில் எஸ்.பி. கணக்குக்கு வட்டி போட்ட விதத்தைச் சொல்லாமல் போனால் அப்பாவின் ஆத்மா சாந்தி அடையாது. மாதத்தில் 10-ஆம் தேதி தொடங்கி கடைசித் தேதி வரை கணக்கில் இருந்த தொகைகளில் எது ஆகக் குறைவோ அதற்குத்தான் அந்த மாத வட்டி. அப்பா ஒரு மார்ச் மாதம் மல்லாட்டையை (நிலக்கடலை) விழுப்புரம் மார்க்கெட் கமிட்டியில் போட்டு, பணத்தை வாங்கி, வேட்டி மடிப்பில் முடிந்துகொண்டு நேராக வங்கிக்குப் போனார். அன்றைக்குத் தேதி 11. ஏப்ரல் 20-ஆம் தேதி உரத்துக்கும் கல்யாண மொய்க்குமாக மொத்தத்தையும் வழித்து எடுத்தார். நாற்பது நாள் பணம் அங்கே படுத்துக் கிடந்திருக்கிறது. வட்டி எவ்வளவு? பூஜ்யம். மார்ச் 10-ல் கணக்கு காலி, அதனால் மார்ச்சுக்குக் கிடையாது. ஏப்ரல் 20-ல் காலி, அதனால் ஏப்ரலுக்கும் கிடையாது.

பாஸ்புக்கைத் திருப்பித் திருப்பிப் பார்த்த அப்பாவிடம் குமாஸ்தா அன்பாகவே சொன்னார்: "ஒரு நாள் முன்னாடி வந்திருக்கலாமேய்யா."

"ஒரு நாள் முன்னாடி மல்லாட்ட செடியில இருந்துது சார்."

இந்தப் பத்தாம் தேதி ராஜ்ஜியம் 2010 ஏப்ரல் 1 வரை நடந்தது. அன்றிலிருந்துதான் தினசரி இருப்புக்கு வட்டி. மனிதன் நிலவில் இறங்கி நாற்பது வருஷம் கழித்து இந்திய வங்கி தினமும் கூட்டல் போடக் கற்றுக்கொண்டது.

சரி, சுதந்திரம் எப்போது வந்தது? முதல் தவணை 1985 ஏப்ரல் 8. ரிசர்வ் வங்கி பெரிய மனது பண்ணி ஒரு சுற்றறிக்கை விட்டது. பதினைந்து நாளிலிருந்து ஒரு வருஷம் வரையிலான டெபாசிட்டுகளுக்கு நீங்களே வட்டி வைத்துக்கொள்ளுங்கள், ஆனால் எட்டு சதவீதத்தைத் தாண்டக் கூடாது. எதிர்பார்த்தது என்னவென்றால், பதினைந்து நாளுக்குக் கொஞ்சம், மூன்று மாதத்துக்கு இன்னும் கொஞ்சம் என்று படிப்படியாக ஏற்றி வைப்பார்கள் என்பது. பதினைந்து வருஷம் ஹாஸ்டல் சாப்பாடு சாப்பிட்ட பையன்களைக் கல்யாணப் பந்தியில் உட்காரவைத்துவிட்டு, அவர்கள் அப்பளத்தை அளவோடு எடுத்துக்கொள்வார்கள் என்று நம்பின கதை.

பதினைந்து நாள் டெபாசிட்டுக்கே எட்டு சதவீதம் என்று வங்கிகள் போட ஆரம்பித்தன. ஒருத்தன் போட்டால் பக்கத்து வங்கிக்காரன் பார்த்துக்கொண்டா இருப்பான்? அப்போது எஸ்.பி. கணக்குக்கு வருஷம் முழுக்கக் கிடந்தாலும் ஐந்துதான். கரன்ட் கணக்குக்குச் சுத்தமாக ஒன்றுமில்லை. வியாபாரிக்கு இதைவிட என்ன வேண்டும்? கரன்ட் கணக்கில் சும்மா கிடந்ததைத் தூக்கிப் பதினைந்து நாளில் போட்டான். பதினாறாம் நாள் எடுத்து மறுபடியும் பதினைந்து நாளில் போட்டான். நீண்ட கால டெபாசிட்டுகளும் நடந்து வந்து குட்டை வரிசையில் நின்றன. வெளியிலிருந்து புதுப் பணம் வந்ததைவிட, வங்கிக்குள் வட்டியில்லாமல் தூங்கிய பணம் எழுந்து பக்கத்து கவுண்டருக்குப் போய் எட்டு சதவீதம் கேட்டதுதான் அதிகம். தன் கிணற்றிலிருந்தே தண்ணீர் இறைத்துத் தன் கிணற்றிலேயே ஊற்றி, இறைத்த கூலியையும் வங்கியே கொடுத்தது.

அப்போது ரிசர்வ் வங்கி கவர்னர் ஆர்.என். மல்ஹோத்ரா. நாற்காலியில் உட்கார்ந்து சில மாதம்கூட ஆகவில்லை. மே 27-ஆம் தேதி சுதந்திரத்தைத் திரும்ப வாங்கிக்கொண்டார்கள். மொத்தம் ஏழே வாரம். இந்தக் காலத்து மெகா சீரியலில் மருமகள் வீட்டைவிட்டுப் போய்த் திரும்பி வருவதற்குக்கூட அதைவிட அதிக நாள் எடுக்கும்.

அடிபட்ட பூனை ஏழு வருஷம் அடுப்பங்கரைப் பக்கம் போகவில்லை. 1991-ல் தங்கத்தை விமானமேற்றி மானம் காத்த பிறகு, வங்கிச் சீர்திருத்தத்துக்கான நரசிம்மம் கமிட்டி அறிக்கை வந்த பிறகு, 1992 ஏப்ரலில் பல அடுக்குப் பட்டியலைக் கிழித்துப் போட்டு ஒரே உச்சவரம்பு வைத்தார்கள்: 46 நாளுக்கு மேல் எதுவானாலும் 13 சதவீதத்துக்குள். ஒரு ரூபாய் எட்டு பைசா. ராஜராஜன் கோயில் வட்டியைவிட நாலு பைசா கூட. ஆயிரம் வருஷ முன்னேற்றம்! அப்புறம் தவணை முறையில் விடுதலை. 1995 அக்டோபரில் இரண்டு வருஷத்துக்கு மேற்பட்ட டெபாசிட்டுகள், 1996 ஜூலையில் ஒரு வருஷத்துக்கு மேற்பட்டவை, 1997 அக்டோபரில் மிச்சம் எல்லாமே. அப்போது கவர்னர் நம்ம ஊர் சி. ரங்கராஜன். இந்த முறை பந்தியில் ஒவ்வொரு அப்பளமாகப் பரிமாறினார்கள். ரகளை இல்லை.

ரகளை இல்லாததற்கு இன்னொரு காரணம், ரகளை செய்கிறவர்கள் எதிர்வரிசையில் கடை திறந்திருந்தார்கள். போஸ்ட் ஆபீஸ் ஒரு பக்கம் கிசான் விகாஸ் பத்திரத்தை வைத்து ஐந்தரை வருஷத்தில் ரெட்டிப்பு என்று கூவிற்று. இந்திரா விகாஸ் பத்திரத்திலோ பெயரே எழுத வேண்டாம். கையில் இருக்கிறவன்தான் முதலாளி, தொலைந்தால் தொலைந்ததுதான். கறுப்புப் பணத்துக்கு அரசாங்கமே போட்ட ஊஞ்சல். இன்னொரு பக்கம் பைனான்ஸ் கம்பெனிகள். பேருந்து நிலையத்துக்கு எதிரே மாடியில் கண்ணாடிக் கதவு, உள்ளே பிளாஸ்டிக் ரோஜா, மேஜை மேல் வெங்கடாசலபதி. ரெண்டு ரூபா வட்டி, ரெண்டரை ரூபா வட்டி, முன்பணமாக ஒரு மாத வட்டி கையில். அத்தையின் மொழியை அட்சரம் பிசகாமல் பேசியவர்கள் அவர்கள்தான். வங்கி ஆண்டு சதவீதத்தில் பேசி கிராமத்தைக் கோட்டைவிட்டது, இவர்கள் பைசாவில் பேசிப் பிடித்தார்கள். சென்னையில் ஒரு கம்பெனி தேக்கு மரம் வளர்க்கிறேன் என்று நாடெங்கும் பணம் திரட்டி 1998-ல் சாய்ந்தது. அதன் பெயர் அனுபவ். எச்சரிக்கையைப் பெயர்ப்பலகையிலேயே எழுதி வைத்தவர்களை நாம்தான் படிக்கவில்லை. 1997-லேயே தமிழ்நாட்டில் முதலீட்டாளர் பாதுகாப்புக்குத் தனிச் சட்டம் கொண்டுவர வேண்டியிருந்தது என்றால் நிலைமையைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

அத்தையும் போட்டாள். எந்தக் கம்பெனி என்று கேட்காதீர்கள், அதற்கு இப்போது பெயரும் இல்லை, மாடியும் இல்லை, இடித்து ஜவுளிக்கடை கட்டிவிட்டார்கள். பதினோரு மாதம் வட்டி வந்தது. பன்னிரண்டாம் மாதம் போனபோது கண்ணாடிக் கதவில் பூட்டு. செங்கல் இல்லாமல், மரம் இல்லாமல், உலோகம் இல்லாமல், சுண்ணாம்பு இல்லாமல் கட்டிய கட்டடம் என்றால் அதுதான். மகேந்திரனாவது பாறையை வைத்துக்கொண்டு பேசினான். அத்தை கதவை ஒரு உலுக்கு உலுக்கிவிட்டு, உள்ளே பார்த்து, "ரோஜாவ வுட்டுட்டுப் போய்ட்டான்" என்றாளாம்.

இதற்கு நடுவே மகேந்திரனின் குலத்துக்கும் ஒரு வங்கி வந்தது. கடலூரிலிருந்த வள்ளலார் கிராம வங்கியையும் தருமபுரியிலிருந்த அதியமான் கிராம வங்கியையும் 2006-ல் சேர்த்து வைத்த பெயர் பல்லவன் கிராம வங்கி. பசித்தவருக்கு அணையா அடுப்பு மூட்டியவர் ஒருவர், சாகாமல் இருக்கும் நெல்லிக்கனியைத் தானே தின்னாமல் ஔவைக்குக் கொடுத்தவர் இன்னொருவர். இருவரையும் கூட்டினால் பல்லவன் வருவான் என்று எந்த வாய்ப்பாட்டில் இருக்கிறதோ. 2019-ல் பல்லவனையும் பாண்டியனையும் சேர்த்துத் தமிழ்நாடு கிராம வங்கி ஆக்கினார்கள். சரித்திரத்தில் பல்லவனை விழுங்கியவன் சோழன். இங்கே மட்டும் பாண்டியனோடு சமரசமாய்ப் போய்விட்டான்.

எல்லாவற்றுக்கும் கடைசியில் விலங்கு கழன்றது எஸ்.பி. கணக்குக்கு. 2003 மார்ச் முதல் 2011 மே வரை மூன்றரை, அப்புறம் நாலு. 2011 அக்டோபர் 25-ஆம் தேதி, இனி உங்கள் இஷ்டம் என்றார் கவர்னர் சுப்பாராவ். ஒரு லட்சம் வரை எல்லோருக்கும் ஒரே மாதிரி கொடுங்கள், அதற்கு மேல் வித்தியாசம் வைத்துக்கொள்ளலாம், அவ்வளவுதான் நிபந்தனை. யெஸ் பேங்க் உடனே ஆறு என்றது. கோடக்கும் இண்டஸ்இண்டும் பின்னாலேயே ஓடி வந்து ஐந்தரை, ஆறு என்றன. ஸ்டேட் பேங்க்? திண்ணையில் உட்கார்ந்து வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தது. நாலு. ஐசிஐசிஐ, எச்டிஎப்சி? நாலு.

ஏன் என்பதற்குப் பெரிய படிப்பெல்லாம் தேவையில்லை, சந்தைக்குப் போனவனுக்குத் தெரியும். புதிதாகக் கடை போட்டவனிடம் நூறு கோடி எஸ்.பி. பணம் இருக்கிறது என்று வையுங்கள். இரண்டு சதவீதம் ஏற்றினால் அவனுக்குக் கூடுதல் செலவு இரண்டு கோடி. அதை விளம்பரச் செலவு என்று எழுதிக்கொள்வான். பெரியவனிடம் ஒரு லட்சம் கோடி இருக்கிறது. அவன் ஏற்றினால் புதிதாக வருகிறவனுக்கு மட்டும் ஏற்ற முடியாது. இருபது வருஷமாகப் பாஸ்புக்கை டிரங்குப் பெட்டியில் வைத்துப் பூட்டியிருக்கும் அத்தனை அத்தைக்கும் சேர்த்து ஏற்ற வேண்டும். இரண்டாயிரம் கோடி போய்விடும். அந்த அத்தைகளோ நாலு கொடுத்தாலும் போக மாட்டார்கள், மூன்று கொடுத்தாலும் போக மாட்டார்கள். கேஸ் மானியம் அந்தக் கணக்கில் வருகிறது, முதியோர் உதவித்தொகை அதில் வருகிறது, பேங்குக்காரர் வேறு ஊருக்குத் தெரிந்தவர். வட்டியை உரக்கக் கூவுகிறவன் பணத்துக்குப் பசித்திருக்கிறான், கூவாதவன் சாப்பிட்டுவிட்டான். சுதந்திரச் சந்தையில் போட்டி என்று ஆங்கிலப் பத்திரிகைகள் எழுதியதெல்லாம் பந்தியின் கடைசி இலைகளில் நடந்த சண்டைதான்.

2020 மார்ச் வாரம் ஒன்றை மட்டும் நெருக்கமாகப் பாருங்கள். மார்ச் 5-ஆம் தேதி, ஆறு சதவீதத்தில் முதலில் குதித்த யெஸ் பேங்க் மீது ரிசர்வ் வங்கி தடை போட்டது. ஒருவர் ஐம்பதாயிரத்துக்கு மேல் எடுக்கக் கூடாது. கவிழ்ந்தது டெபாசிட்டுக்குக் கொடுத்த வட்டியால் அல்ல, கொடுத்த கடன்கள் திரும்பாததால். மார்ச் 11-ஆம் தேதி ஸ்டேட் பேங்க் தன் எஸ்.பி. வட்டியை எல்லோருக்கும் மூன்று ஆக்கியது. அத்தைக்கு இருபத்தஞ்சு பைசா, சரியாக நாலணா. அதே வாரத்தில் அதே ஸ்டேட் பேங்க் தலைமையில் யெஸ் பேங்கைக் கைதூக்கிவிடும் திட்டம் வெளியாகி, பாதிக்குச் சற்றுக் குறைவான பங்கு ஸ்டேட் பேங்க் கைக்குப் போயிற்று. ஆறு கொடுத்தவனை மூன்று கொடுக்கிறவன் காப்பாற்றினான். எந்த அத்தையும் நாலணாவுக்காகக் கணக்கை மாற்றவில்லை. அதே வருஷம் நவம்பரில் கரூர்க்காரர்கள் 1926-ல் தொடங்கிய லட்சுமி விலாஸ் வங்கிக்கும் தடை விழுந்தது. அங்கே இருபத்தைந்தாயிரம்தான். பத்தே நாளில் அதைச் சிங்கப்பூர் டிபிஎஸ் வங்கியின் இந்தியக் கம்பெனியில் கரைத்துவிட்டார்கள். லட்சுமி கடல் கடந்தாள்.

2025 ஜூனில் ஸ்டேட் பேங்க் எஸ்.பி. வட்டி இரண்டரைக்கு வந்து நின்றது. இருபத்தோரு பைசா. இன்னும் கொஞ்சம் இறங்கினால் கரன்ட் கணக்குக்கும் அதற்கும் பெயரில்தான் வித்தியாசம் இருக்கும். போட்டி இப்போது எப்.டி.யில், அதுவும் நாள் எண்ணிக்கையில். 400 நாள், 444 நாள், 555 நாள். ஸ்டேட் பேங்கின் 'அம்ரித் விருஷ்டி' 2024 ஜூலையில் வந்தபோது 444 நாளுக்கு 7.25 சதவீதம். விசித்திரசித்தன் பட்டம் சூட்டியதற்குக் கொஞ்சமும் குறையாத பெயர், அமுத மழை.

போன மாதம் அத்தையை ஒரு வங்கிக்குக் கூட்டிக்கொண்டு போனேன். மாடு விற்ற பணம் ஐம்பதாயிரம். கவுண்டரில் இருந்த பிள்ளைக்கு இருபத்தைந்து வயது இருக்கலாம். பாட்டிக்கு நல்ல திட்டம் இருக்கிறது, 444 நாள் என்றான்.

"அது இன்னாப்பா கணக்கு? விரதமா? ஒரு மண்டலம்னா நாப்பத்தெட்டு நாளு."

அவனுக்கும் காரணம் தெரியவில்லை. நன்றாகத்தான் சிரித்தான். வட்டியைச் சொன்னான். அத்தை கண்ணை மூடி வகுத்தாள். "அறுபது பைசா கூட வர்ல." பிறகு என்னைப் பார்த்தாள். பூட்டிய கண்ணாடிக் கதவு அவள் கண்ணில் ஒரு நொடி வந்துபோனதை நான் பார்த்தேன். பெருவிரலை நீட்டினாள். மெஷின் இரண்டு தடவை அவளை அவள் இல்லை என்றது, மூன்றாம் தடவை ஒப்புக்கொண்டது.

எழுந்திருக்கும்போது கவுண்டருக்குக் கீழே எட்டிப் பார்த்துவிட்டுக் கேட்டாள்: "தம்பி, காலண்டரு?"

"ஆப்லயே இருக்கு பாட்டி."